1967 சீசனை அட்டையிலும் பகடையிலும் மறுபடி ஆடினால் பாஸ்டன் வெல்லுமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர்களின் ஆண்டுக் கணக்கை அட்டைகளாக்கிப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டான ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில், 1967 அமெரிக்கன் லீக் பேஸ்பால் சீசனுக்கான அட்டைத் தொகுப்பு ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்த ஆண்டின் உண்மையான அட்டவணைப்படியே தனியாளாக ஆடி மே மாதப் பாதி வரை வந்துவிட்டீர்கள். உண்மையில் பட்டம் வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ் உங்கள் மேசையில் எட்டாவது இடத்தில் கிடக்கிறது. அந்த ஆண்டின் நாயகனான கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி நூறு முறை பேட் செய்து இருபத்தைந்து ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் தளத்தை எட்டுவது) மட்டுமே அடித்திருக்கிறார். விளையாட்டில் பிழையா, நீங்கள் ஆடும் முறையில் பிழையா, இப்படியே போனால் 810 ஆட்டங்களை ஆடி முடிப்பதில் பொருள் உண்டா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: மறுபடி ஆடும் சீசன் உண்மைக்கு எவ்வளவு நெருக்கமாக வர முடியும், வந்ததா என்பதை எதை வைத்து அளப்பது? கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன், இத்தகைய சீசன்கள் இரண்டை முழுமையாக ஆடியவன், வேறு இரண்டைப் பாதியில் கைவிட்டவன் என்ற அளவில் பதில் சொல்ல முயல்கிறேன். நான் முழுமையாக ஆடியவற்றில் ஒன்று இதே 1967.

இந்த ஆண்டைப் பலரும் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1966இல் 72 வெற்றி, 90 தோல்வி என்று பத்து அணிகளில் ஒன்பதாவதாக முடித்த பாஸ்டன், டிக் வில்லியம்ஸ் என்ற புதிய மேலாளரின் கீழ் அடுத்த ஆண்டே 92 வெற்றிகளுடன் முதலிடம் பிடித்தது. டெட்ராய்ட்டும் மினசோட்டாவும் தலா 91, சிகாகோ ஒயிட் சாக்ஸ் 89. கடைசி வாரம் வரை நான்கு அணிகளும் போட்டியில் இருந்தன. சிகாகோ தன் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்று விலகியது. பாஸ்டனும் மினசோட்டாவும் சமமான கணக்கோடு அக்டோபர் 1 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் மோதின. பாஸ்டன் 5-3 என்று வென்றது. அதே நாளில் டெட்ராய்ட் கலிபோர்னியா அணியுடன் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. இரண்டையும் வென்றிருந்தால் பாஸ்டனோடு சமநிலை. முதலாவதை வென்று இரண்டாவதை 8-5 என்று தோற்றது. 162 ஆட்டங்களுக்குப் பிறகு ஒரே ஆட்ட இடைவெளியில் தீர்ந்த போட்டி இது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இந்த ஓர் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அடுத்து அட்டை. ஹால் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த விளையாட்டில் மூன்று பகடைகளை உருட்டுகிறோம். வெள்ளைப் பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும், நான்கு முதல் ஆறு வரை விழுந்தால் பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, வெள்ளைப் பகடை காட்டிய எண்ணுக்குரிய பத்தியில் எந்த வரி என்று சொல்லும். ஏழு விழ 36இல் ஆறு வாய்ப்பு, இரண்டோ பன்னிரண்டோ விழ 36இல் ஒன்றே ஒன்று என்பதால், அட்டை தயாரிப்பவர் எந்த வரியில் எதை வைக்கிறார் என்பதில்தான் வித்தையெல்லாம். இதைவிட நுண்ணிய பிரிப்பு தேவைப்பட்டால் இருபது முகப் பகடை இருக்கிறது. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் இதன் விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாதி உருட்டல்கள் பிட்சரின் அட்டைக்குப் போகின்றன என்பதால், பேட்டரின் அட்டையில் அவருடைய உண்மைச் சராசரி இருக்காது. 1967இல் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் சராசரி .236, அதாவது ஆயிரத்துக்கு 236 ஹிட், யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி .326. பிட்சர்கள் தரப்பில் .236 வருமென்றால், அவருடைய அட்டை தனியே ஏறத்தாழ .416 என்ற அளவில் இருந்தால்தான் இரண்டும் கலந்து .326 ஆகும். நிறுவனம் தன் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. எனவே இது அட்டைகளைப் பார்த்து நான் போட்ட தோராயக் கணக்கு. ஆனால் திசை இதுதான் என்பதில் ஐயமில்லை. நல்ல பேட்டரின் அட்டை உண்மையைவிட நல்லதாகவும், மோசமான பேட்டரின் அட்டை உண்மையைவிட மோசமாகவும் இருக்கும். அட்டையைக் கையில் எடுத்ததும் "இவ்வளவு வலுவான அட்டை வைத்துக்கொண்டு இவர் ஏன் அடிக்கவில்லை" என்ற ஏமாற்றம் வருவதற்கு இது ஒரு காரணம்.

அந்த அட்டைக்குத் தெரிந்தது ஆண்டின் மொத்தக் கணக்கு மட்டுமே, வரிசை தெரியாது. யஸ்ட்ரெம்ஸ்கி அந்த ஆண்டு 44 ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போகும் அடி), 121 ரன் அடித்துச் சேர்த்தல் (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), .326 சராசரி என்று மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பெற்றார் என்பது அட்டையில் இருக்கிறது. கடைசிப் பன்னிரண்டு ஆட்டங்களில் 44 முறை பேட் செய்து 23 ஹிட் அடித்தார் என்பதும், மினசோட்டாவுக்கு எதிரான கடைசி இரண்டு ஆட்டங்களில் எட்டுக்கு ஏழு அடித்தார் என்பதும் அட்டையில் இல்லை. ஏப்ரலின் குளிரில் ஆடும் யஸ்ட்ரெம்ஸ்கியும் செப்டம்பர் கடைசியில் ஆடும் யஸ்ட்ரெம்ஸ்கியும் உங்கள் மேசையில் ஒரே ஆள். பாஸ்டன் வெற்றியின் கதையைத் தெரிந்தவர்கள் அந்தப் பன்னிரண்டு ஆட்டங்களைத்தான் கதையின் உயிர் என்பார்கள். அட்டை அதை எடுத்து ஆறு மாதங்களுக்கும் சமமாகப் பரப்பிவிடுகிறது. இது விளையாட்டின் குறை என்று சொல்ல நான் தயங்குகிறேன். நெருக்கடியில் கூடுதலாக அடிக்கும் திறமை என்று ஒன்று தனியே உண்டா, அல்லது நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு நல்ல இரண்டு வாரங்கள் சரியான நேரத்தில் அமைந்துவிட்டனவா என்பது பேஸ்பால் புள்ளியியலில் நெடுங்கால விவாதம். அப்படியொரு திறமை இருந்தாலும் மிகச் சிறியது என்ற பக்கம் என் சாய்வு, ஆனால் அது தீர்ந்த விஷயம் அல்ல. அன்று ஃபென்வே பார்க்கில் உட்கார்ந்திருந்தவர் எவரும் என் சாய்வை ஏற்க மாட்டார்.

இப்போது உங்கள் மே மாதக் கவலை. .326 அடிக்கக்கூடிய ஒருவர் நூறு முறை பேட் செய்தால் தற்செயல் மட்டுமே அவர் சராசரியை மேலும் கீழும் 47 புள்ளி (ஆயிரத்தில் 47) வரை சர்வசாதாரணமாகத் தள்ளும். .250 என்பது அதைவிடச் சற்றுத் தள்ளி இருக்கிறது; இருபதில் ஒரு முறை இவ்வளவு கீழே போகலாம். அரிதுதான், ஆனால் பத்து அணிகளிலும் அணிக்கு எட்டுப் பேர் வழக்கமாக ஆடும்போது, எண்பது பேரில் நாலைந்து பேருக்கு இப்படி நேர்ந்தே தீரும். அவர்களில் ஒருவர் நீங்கள் நேசிக்கும் ஆட்டக்காரராக அமைந்துவிட்டார், அவ்வளவுதான். முழு சீசன் முடிந்த பிறகும் இந்த அலைச்சல் முற்றிலும் அடங்காது. 579 முறை பேட் செய்தபின் அவருடைய சராசரியில் இருபது புள்ளி ஏற்ற இறக்கம் எதிர்பார்க்க வேண்டியதே. உண்மையில் இரண்டாவதாக வந்த ஃபிராங்க் ராபின்சனின் சராசரி .311, மூன்றாவதாக வந்த ஆல் கேலைனின் சராசரி .308. முதலிடத்துக்கும் அடுத்த இடங்களுக்கும் உள்ள தூரம் இந்த ஏற்ற இறக்கத்தைவிடச் சிறியது. ஹோம் ரன்னிலோ மினசோட்டாவின் ஹார்மன் கில்லப்ரூவும் அதே 44; அட்டைப்படி யஸ்ட்ரெம்ஸ்கிக்கு 38 முதல் 50 வரை எதுவும் வரலாம், கில்லப்ரூவுக்கும் அப்படியே. ஆகவே மூன்று பட்டியல்களிலும் அவரே மீண்டும் முதலிடம் பெறுவது, ஐந்து முறை முழு சீசனை ஆடினால் ஒரு முறை நடந்தாலே பெரிய விஷயம் என்பது என் கணிப்பு.

அணிகளின் கதையும் இதேதான். நாணயம் சுண்டுவது போன்ற சமவலு ஆட்டங்கள் 162 ஆடினால், வெற்றி எண்ணிக்கையில் ஆறு ஆட்ட அளவுக்கு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். இரண்டு அணிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்த்தால் அது ஒன்பது ஆட்டம் வரை போகும். ஒன்பது ஆட்டம் அசையும் தராசில் ஒரே ஆட்ட வித்தியாசத்தை நிறுத்துப் பார்க்கிறோம். மேலே சொன்ன நான்கு அணிகளின் வலுவும் அவற்றின் வெற்றிக் கணக்கைப் போன்றதே என்று எடுத்துக்கொண்டால், பாஸ்டன் பத்தில் மூன்று முறை முதலிடம் வரலாம் என்று நான் மதிப்பிடுகிறேன். டெட்ராய்ட்டும் மினசோட்டாவும் அதற்குச் சற்றே குறைவாக, சிகாகோ இன்னும் குறைவாக, ஐந்தாவதாக முடித்த கலிபோர்னியாகூட எப்போதாவது ஒரு முறை. இது தோராயமான கணக்கு, பத்தில் மூன்றா இரண்டரையா என்று சண்டைக்கு வர வேண்டாம். என் மேசையில் மினசோட்டா வென்றது, பாஸ்டன் மூன்றாவது. செப்டம்பரில் எனக்கு வருத்தமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை, ஆனால் அந்த முடிவில் பிழை ஏதும் இல்லை.

அப்படியானால் எதை வைத்துத்தான் சரி பார்ப்பது? லீக்கின் மொத்தத்தை வைத்து. ஓர் ஆள், ஓர் அணி என்று பார்க்கும்போது பெரிதாக ஆடும் அதே தற்செயல், பத்து அணிகளும் சேர்ந்து 54,000 முறைக்கு மேல் பேட் செய்யும்போது அடங்கிப்போய்விடும். லீக் சராசரி .236இலிருந்து இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் விலகக் கூடாது. .245 வந்தால் அது தற்செயல் அல்ல, எங்கோ தவறு நடக்கிறது என்று பொருள். மே மாதப் பாதி வரை ஆடிய உங்களிடம் ஏறத்தாழ 9,000 முறைக்கான கணக்கு இருக்கும். இப்போதே நாலைந்து புள்ளிக்குள் இருக்க வேண்டும். ஆகவே யஸ்ட்ரெம்ஸ்கியின் தாளை மூடி வைத்துவிட்டு லீக் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். கூட்டும்போது கணக்கேட்டின் பிழைகளும் வெளியே வந்துவிடும். எல்லா பேட்டர்களின் ஹிட் மொத்தமும் எல்லா பிட்சர்கள் கொடுத்த ஹிட் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடித்த ரன்னும் கொடுத்த ரன்னும் சமமாக இருக்க வேண்டும். என் முதல் சீசனில் இதை ஆகஸ்டில்தான் செய்தேன், நாற்பது ஹிட் எங்கே தொலைந்தன என்று தேடுவதில் இரண்டு வாரம் போயிற்று. வாரம் ஒரு முறை கூட்டிவிடுவது நல்லது.

மொத்தம் பிசகினால், தவறு பெரும்பாலும் பகடையிலோ அட்டையிலோ இருக்காது. யாரை எவ்வளவு ஆட வைக்கிறீர்கள் என்பதில் இருக்கும். மறுபடி ஆடுபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சீசன் முழுவதிலும் நாற்பது முறை மட்டும் பேட் செய்து பதினாறு ஹிட் அடித்த ஒரு மாற்று ஆட்டக்காரரின் அட்டை .400 என்று மின்னும். அந்தப் பதினாறு ஹிட் அவருடைய திறமையா, நாலு நல்ல நாள்களா என்று அட்டைக்குத் தெரியாது. ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒவ்வொரு முறை பேட் செய்யும் சுற்று) நெருக்கடியான ஏழாவதில் கை தானாக அந்த அட்டையை நோக்கிப் போகும். இப்படிப் பத்து அணிகளிலும் செய்தால் லீக் சராசரி ஏறாமல் என்ன செய்யும்? ஒவ்வொருவரும் உண்மையில் பேட் செய்த எண்ணிக்கையைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக ஆடக் கூடாது என்ற வரம்பை நான் கடைப்பிடிக்கிறேன். பிட்சர்களுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். பாஸ்டனின் ஜிம் லான்போர்க் அந்த ஆண்டு 39 ஆட்டங்களைத் தொடங்கினார், 22 வென்றார். ஒரு பிட்சர் ஏறத்தாழ நான்கு ஆட்டங்களுக்கு ஒரு முறை தொடங்குவது அந்தக் காலத்து வழக்கம், ஐந்துக்கு ஒரு முறை என்ற இன்றைய வழக்கத்தை அங்கே கொண்டுபோனால் நான்காம் தர, ஐந்தாம் தர பிட்சர்கள் தேவைக்கு மேல் வீசுவார்கள், எதிரணிகள் அடித்து நொறுக்கும். மறுபுறம் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வரும் நாள்களை அட்டவணையில் விட்டுவிட்டால், நாளுக்கு ஓர் ஆட்டமே வந்து ஓய்வு கூடுவதால், லான்போர்க் நாற்பத்தைந்து ஆட்டம் தொடங்குவார். சிகாகோவின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அந்த அணி .225 என்ற பரிதாபமான பேட்டிங்கோடு கடைசி வாரம் வரை தாக்குப்பிடித்ததே ஜோ ஹார்லன், கேரி பீட்டர்ஸ் போன்ற பிட்சர்களின் தோளில்தான். அவர்களுடைய ஓய்வு நாள்களில் நீங்கள் கொஞ்சம் தாராளமாக இருந்தால் சிகாகோ பட்டம் வென்றுவிடும்.

இடையில் அணி மாறியவர்கள் இன்னொரு கண்ணி. கேரி பெல் ஜூனில் கிளீவ்லாண்டிலிருந்து பாஸ்டனுக்கு வந்தார். அங்கே ஒரு வெற்றி, ஐந்து தோல்வி, இங்கே 12 வெற்றி, எட்டு தோல்வி. ஜெர்ரி அடேர் சிகாகோவிலிருந்தும், எல்ஸ்டன் ஹோவர்ட் ஆகஸ்டில் நியூயார்க் யாங்கீஸிலிருந்தும், கென் ஹாரல்சன் அந்த மாதக் கடைசியில் கான்சஸ் சிட்டியிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்னும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். இத்தகைய தொகுப்புகளில் வழக்கமாக ஒருவருக்கு ஒரே அட்டை, ஆண்டு முழுவதற்குமான கூட்டுக் கணக்கோடு, அவர் கடைசியாக ஆடிய அணியின் உறையில் இருக்கும். உறையைப் பிரித்து அப்படியே ஆடத் தொடங்கினால் சீசனின் முதல் நாளிலேயே இந்த நால்வரும் பாஸ்டனில் இருப்பார்கள், கிளீவ்லாண்டிலும் யாங்கீஸிலும் இடம் காலியாக இருக்கும். மே மாதத்தில் உங்கள் பாஸ்டன் அணியில் பெல்லோ ஹோவர்டோ ஆடியிருந்தால், அதுவே உங்களுக்கான முதல் திருத்தம். தேதிவாரியான ஆட்ட விவரங்களையும் தொடக்க வரிசைகளையும் ரெட்ரோஷீட் என்ற இணையதளம் இலவசமாகவே தருகிறது. டேவிட் ஸ்மித் 1989இல் தொடங்கிய இந்தத் தன்னார்வ முயற்சி இல்லாத காலத்தில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் பழைய செய்தித்தாள் கட்டுகளோடு மல்லுக்கட்டினார்கள்.

டோனி கோனிக்லியாரோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆகஸ்டில் கேட்பீர்கள். பாஸ்டனின் இருபத்திரண்டு வயது வலப்புற வெளிக்கள ஆட்டக்காரரான அவரை 1967 ஆகஸ்ட் 18 அன்று ஜாக் ஹாமில்டன் வீசிய பந்து முகத்தில் தாக்கியது. 95 ஆட்டங்களில் 20 ஹோம் ரன்களோடு அவருடைய சீசன் அங்கே முடிந்தது. அடுத்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. உங்கள் மேசையில் அந்தத் தேதி வரும்போது அட்டையை எடுத்து உள்ளே வைப்பதா, ஆட விடுவதா? உண்மை வரிசைகளின்படியே ஆடுகிறேன் என்று தொடங்கியவர் எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் டெட்ராய்ட்டின் கேலைன் கையை முறித்துக்கொண்டு உட்கார்ந்த நாள்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். காயங்களையும் பகடைக்கே விடுகிறேன் என்று தொடங்கியவர் கோனிக்லியாரோவை ஆட விடலாம், ஆனால் பத்து அணிகளுக்கும் அதே சலுகை வேண்டும். இரண்டும் நேர்மையான வழிகளே. ஆகஸ்ட் 17ஆம் தேதி இரவு முடிவெடுப்பது மட்டும் நேர்மையாகாது. எந்த வழி என்பதை இன்றே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

தனியாளாக ஆடுவதன் பெரிய சிக்கல் இதே வகையைச் சேர்ந்தது. பள்ளியில் கடைசி பெஞ்சில் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது புரியும்: பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன் என்றாலும், நமக்குப் பிடித்த ஆட்டக்காரருக்குப் புரட்டும்போது கட்டைவிரல் கொஞ்சம் கவனமாகவே இறங்கும். பகடையில் அந்த ஏமாற்று நடக்காது, முடிவுகளில் நடக்கும். பாஸ்டன் பிட்சர் தடுமாறினால் உடனே மாற்றுவீர்கள், மினசோட்டா பிட்சரை இன்னும் ஒரு பேட்டருக்கு விட்டுவைப்பீர்கள். தெரிந்து செய்வதல்ல இது. ஆகவே எப்போது பிட்சரை மாற்றுவது, எப்போது தளம் திருட (அடிக்குக் காத்திராமல் அடுத்த தளத்துக்கு) ஓடுவது என்பதற்கு இரு அணிகளுக்கும் பொதுவான சில விதிகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு அவற்றைப் பின்பற்றுங்கள். பிட்சரும் பேட் செய்த காலம் அது, அவருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யும் விதி 1973இல்தான் இந்த லீக்கில் வந்தது. எந்த இன்னிங்ஸிலிருந்து பிட்சருக்கு மாற்று பேட்டரை அனுப்பலாம் என்பதையும் அந்த விதிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி 810 ஆட்டங்களின் பொருள். கை பழகியவருக்கு ஓர் ஆட்டத்துக்கு, கணக்கு எழுதுவதையும் சேர்த்து, இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். மொத்தம் 337 மணி நேரத்துக்கு மேல்; நாளுக்கு ஓர் ஆட்டம் என்றால் இரண்டேகால் ஆண்டு. கைவிட்டவர்களில் பெரும்பாலோர் ஜூன், ஜூலையில் கைவிட்டவர்களே, நானும் இரண்டு முறை அங்கேதான் விட்டேன். வாஷிங்டனும் கான்சஸ் சிட்டியும் மோதும் பதினெட்டு ஆட்டங்களையும் ஆர்வத்தோடு ஆடுவதற்குத் தனி மனநிலை வேண்டும். உங்களுக்குப் போட்டியின் சூடுதான் முக்கியம் என்றால் நடுவழி ஒன்று சொல்கிறேன். இந்த லீக்கில் ஒவ்வொரு ஜோடி அணிகளும் பதினெட்டு முறை மோதுகின்றன. பாஸ்டன், டெட்ராய்ட், மினசோட்டா, சிகாகோ என்ற நான்குக்குள் ஆறு ஜோடிகள், அதாவது 108 ஆட்டங்கள். இவற்றை மட்டும் ஆடி, மற்ற ஆறு அணிகளோடு இந்த நான்கும் உண்மையில் பெற்ற வெற்றி தோல்விகளை அப்படியே எடுத்துக்கொண்டால், நாற்பத்தைந்து மணி நேரத்தில் பட்டம் யாருக்கு என்று தெரிந்துவிடும். தற்செயலின் பெரும்பகுதியை இப்படி உண்மையோடு கட்டிப்போட்டுவிடுவதால் முடிவும் அன்றையதைவிட வெகுதூரம் ஓடாது. இதில் இழப்பு என்னவென்றால் தனியாட்களின் ஆண்டுக் கணக்கு கிடைக்காது, லீக் மொத்தத்தை வைத்து உங்களை நீங்களே சரிபார்க்கவும் முடியாது.

வேறு விளையாட்டுக்கு மாறினால் முடிவு மாறுமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ரிச்சர்ட் சீட்ஸ் 1951இல் லான்காஸ்டரிலிருந்து விற்கத் தொடங்கிய ஆப்பா விளையாட்டில் பிட்சருக்குத் தனி அட்டைப் பத்திகள் கிடையாது. இரண்டு பகடைகளைக் கூட்டாமல் ஈரிலக்க எண்ணாகப் படித்து, பேட்டரின் அட்டையில் 36 முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்து, தளங்களில் யார் நிற்கிறார்கள் என்பதற்கேற்பப் பலகையில் பொருள் காண வேண்டும். பிட்சரின் ஏ, பி, சி, டி தரம் சில ஹிட்களை அவுட்டாக்கும். பேட்டருக்கும் பிட்சருக்கும் சரிபாதி பொறுப்பு என்ற ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் ஏற்பாடு மேசையில் சுவையானது, ஆனால் உண்மையான பேஸ்பாலில் அந்தப் பங்கீடு அப்படித்தான் என்று யாரும் நிரூபித்ததில்லை. நெருங்கிய போட்டியில் எந்த அணி முந்தும் என்பதை இந்த வித்தியாசம் பெரிதாகப் பாதிக்கும் என்று நான் நினைக்கவில்லை; ஒன்பது ஆட்ட ஊசலாட்டத்தின் முன் எந்த விளையாட்டின் நுணுக்கமும் சிறியதே. வேறு ஆண்டின் அட்டைகளை மட்டும் கலக்காதீர்கள். 1967இன் குறைந்த சராசரி அந்த ஆண்டு அட்டைகளுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. 15 அங்குலம் இருந்த பிட்சர் மேடை 1969இல்தான் 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பின்வந்த ஆண்டின் பேட்டர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் கணக்கெல்லாம் கலைந்துவிடும்.

நீங்கள் ஆடிக் கடந்துவிட்ட ஏப்ரல் 14ஐ ஒரு மாலை திரும்ப எடுத்துப் பாருங்கள். அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் பில்லி ரோர் என்ற இளைஞர் பாஸ்டனுக்காகத் தன் முதல் ஆட்டத்தை வீசினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டாகும் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை, பிறகு ஒரே ஒரு ஹிட் கொடுத்து 3-0 என்று வென்றார். அந்த ஹிட்டை அடித்தவர் எல்ஸ்டன் ஹோவர்ட், ஆகஸ்டில் பாஸ்டனுக்கே வந்து சேர்ந்த அதே ஹோவர்ட். ரோர் அந்த ஆண்டு வென்றது மொத்தம் இரண்டே ஆட்டங்கள், அவருடைய அட்டை அதற்கேற்ற எளிய அட்டை. உங்கள் தொகுப்பில் அது இருந்தால், ஹோவர்டை யாங்கீஸ் வரிசையில் வைத்து அந்த ஓர் ஆட்டத்தைப் பத்து முறை உருட்டுங்கள். ரோர் பெரும்பாலும் ஐந்தாவது இன்னிங்ஸைத் தாண்ட மாட்டார். அதன்பிறகும் மே பதினாறாம் தேதி ஆட்டத்தை எடுத்து வைக்க உங்களுக்குக் கை வருமானால், 810ஐயும் நீங்கள் முடித்துவிடுவீர்கள் என்றே நினைக்கிறேன்.